மகள் வீட்டில் பெயின்ட் அடிக்காத சுவர்

கட்டாருக்கு வந்து பதினொரு வருடமாகிவிட்டது. இன்னும் எனக்குப் பழகாத ஒரு விசயம் இங்கே உண்டு. அரபு எழுத்து வலப்பக்கமிருந்து இடப்பக்கமாக ஓடும். அதற்கு நடுவே ஓர் இலக்கம் வந்துவிட்டால் அது மட்டும் நம்மூரில் போல இடமிருந்து வலமாகத் திரும்பிக்கொள்ளும். நான் வேலை செய்வது கட்டடப் பொருள் ஸ்டோர் ஒன்றில். நாள் முழுக்க லொறிச் சீட்டுகளை வாசித்து, வந்த சாமானை எண்ணி இறக்க வேண்டும். இவர்களுடைய ஐந்து, நம் பூச்சியம் மாதிரி ஒரு வட்டம். இவர்களுடைய பூச்சியமோ வெறும் புள்ளி. வந்த புதிதில் ஐந்து அடுக்குத் தரை ஓடு ஏற்றி வந்த லொறியை, "சீட்டில் ஒன்றுமில்லையே" என்று கேற்றிலிருந்தே திருப்பி அனுப்பியவன் நான்தான். அந்தக் கதையைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய பகிடி ஒன்று. மத்ரஸாவில் சின்ன வயதிலேயே ஓதிப் பழகிய நாக்கு என்னுடையது. எழுத்தைக் கண்டால் நிறுத்தி, நீட்டி, தொண்டையிலிருந்து எடுத்து அழகாக வாசிப்பேன். ஒருநாள் சீமெந்துச் சீட்டை அப்படி வாசித்துக் காட்டினேன். எங்கள் மேற்பார்வையாளர் எகிப்துக்காரர். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், இவ்வளவு நல்ல அரபு!" என்றார். பிறகு மளமளவென்று ஏதோ கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். எழுத்தெல்லாம் தெரியும், அர்த்தம் ஒன்றும் தெரியாது என்று ஒரு மனிதனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நம் பக்கத்தில் இது ஓர் அதிசயமே இல்லை. அவருக்கு அது கடைசிவரை நம்ப முடியாததாகவே இருந்தது.

என் மகள் ஹிபாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவளுடைய கணக்குகளை நான் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று இப்போது தெரிவதால் இதை முதலில் சொன்னேன்.

ஹிபாவுக்கு ஒன்பது வயது. இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் தன் உம்மாவோடு இருக்கிறாள். இங்கே நாலு மணித் தேநீர் நேரத்தில் நான் போன் எடுப்பேன். அப்போது அங்கே மஃரிப் முடிந்து, அவள் கொப்பியோடு மேசையில் இருப்பாள். நான் உயர்தரத்தில் கணிதம் படித்தவன். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, விமானம் கிடைத்தது. ஆனால் கணக்கின் மேல் இருந்த ஆசை போகவில்லை. மற்ற வாப்பாமார் "என்ன சாப்பிட்டீங்க, உம்மாட சொல்லுக் கேக்கிறீங்களா" என்று கேட்டு முடித்துவிடும் நேரத்தில் நாங்கள் இருவரும் கணக்குச் செய்தோம். ஆறு வயதில் பெருக்கலை அவளாகவே கண்டுபிடித்தாள். ஏழு வயதில் பின்னம். எட்டில் தசமம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் போகும்போது கட்டக் கொப்பிகள் கொண்டுபோவேன். அடுத்த லீவுக்கு முன்பே அவை நிறைந்திருக்கும். ஐந்தாறு பேர் படுக்கும் அறையில், மேல் கட்டிலில் ஒருவர், பக்கத்தில் ஒருவர் என்று கிடக்கிற எனக்கு அந்த அரை மணித்தியாலம்தான் நாள். மீதியெல்லாம் அதற்காகக் காத்திருப்பது.

ஒருநாள் அவள் இப்படித் தொடங்கினாள்.

"வாப்பா, ஒண்ட ஏழால பிரிச்சா முடியுதில்ல."

"முடியாது மகள். அது அப்படித்தான்."

"முடியாட்டியும் திரும்பி வருது வாப்பா. ஒண்டு, நாலு, ரெண்டு, எட்டு, அஞ்சு, ஏழு. பிறகு பாத்தா மறுகாவும் ஒண்டு, நாலு, ரெண்டு. ஆறு இலக்கத்தில திரும்புது. ஏன் ஆறு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லாமல், "நீங்க சொல்லுங்க பாப்பம்" என்றேன். வாத்திமார் செய்யும் அதே தந்திரம்.

"மீதி ஏழ விடக் குறையத்தானே வரணும். ஒண்டு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. எல்லாம் வந்து முடிஞ்சா, பிறகு பழசுதானே வரணும்? வேற என்ன இரிக்கு வாறதுக்கு?"

உயர்தரம்வரை படித்தும் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

அதிலிருந்து அவள் ஓர் எண்ணையும் விடவில்லை. பதினேழால் வகுத்தாள். பதினாறு இலக்கம் போய்த்தான் திரும்பியது. பதின்மூன்று அவளை ஏமாற்றிவிட்டது. பன்னிரண்டுவரை போகும் என்று பார்த்திருந்தாளாம், ஆறிலேயே திரும்பிவிட்டது. அந்தக் கோபத்தில் இரண்டு நாள் பதின்மூன்றைப் பற்றிக் கதைக்கவே இல்லை. கடைசியில் தொண்ணூற்றேழுக்கு வந்து நின்றாள். அது தொண்ணூற்றாறு இலக்கமும் போய்த் திரும்புமா, பதின்மூன்றைப் போல நடுவில் திரும்பிவிடுமா? உம்மாவின் போனில் அழுத்திப் பார்த்தால் பத்துப் பதினொரு இலக்கத்தோடு வெட்டிவிடுகிறது. கையால்தான் செய்ய வேண்டும்.

அந்த நேரத்தில்தான் நான் வாப்பாவாக நடந்துகொண்டேன். அடுத்த வருடம் அவளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. நம் ஊரில் அது பிள்ளைகள் எழுதும் பரீட்சை இல்லை, குடும்பம் எழுதும் பரீட்சை. வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால் சந்தியில் பிள்ளையின் படத்தோடு பேனர் தொங்கும். என்னோடு படித்தவர்களின் பிள்ளைகளெல்லாம் இரண்டு ரியூசனுக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு எனக்கு வயிறு எரிந்தது. டீச்சரும் என் மனைவி றிஸ்னாவிடம் குறை சொல்லியிருந்தார்: விடையை மட்டும் எழுதுகிறாள், செய்த வழியைக் காட்டுவதில்லை, பாதி நேரம் கொப்பியின் பின்பக்கத்தில் வேறு ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறாள். றிஸ்னா இதை என்னிடம் சொன்ன அன்றைக்கு ஹிபாவிடம் சொன்னேன்:

"மகள், முடியாத கணக்கு சோதினைக்கு வராது. அத விட்டுட்டு பாஸ்ட் பேப்பரச் செய்ங்க. சோதினை முடியட்டும், பிறகு ரெண்டு பேரும் அதப் பாப்பம்."

"ஓம் வாப்பா."

அவ்வளவுதான். சண்டை பிடிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து பாஸ்ட் பேப்பர், அதாவது பழைய வினாத்தாள்கள், செய்தாள். எனக்குச் சந்தோசம். சொன்னால் கேட்கிற பிள்ளை என்று அறையில் இருந்தவர்களிடமும் பெருமையடித்தேன். அவள் என்னிடம் கேள்வி கேட்பது நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை.

நம் பகுதியை அறியாதவர்களுக்கு ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையோரத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகள் பிறந்தால் அவளுக்கு வீடு கட்ட வேண்டும். கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். நான் பிறந்தது சாய்ந்தமருதில், உம்மாவின் வீட்டில். அது என் தங்கச்சிக்குப் போனது. கலியாணம் முடித்து மருதமுனைக்கு, றிஸ்னாவின் வீட்டுக்கு வந்தேன். சுனாமியில் கடல் பழைய வீட்டைக் கொண்டுபோனதற்குப் பிறகு, அவளுடைய பெற்றோர் றோட்டுக்கு இந்தப் பக்கமாக எழுப்பிய வீடு அது. ஹிபா பிறந்ததும் அதே வளவின் பின்பக்கத்தில் அவளுக்கென்று அத்திவாரம் போட்டோம். அந்த வீட்டை முடிப்பதற்காகத்தான் நான் இங்கே கிடக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வீடா என்று சிரிக்காதீர்கள். பெண்பிள்ளை பெற்ற நம்மூர்க்காரன் ஒவ்வொருவனும் இந்தப் பாலைவனத்தில் ஏதோ ஒரு சுவரை எழுப்பிக்கொண்டுதான் இருக்கிறான்.

கூரை போட்டு, சுவருக்குப் பூச்சும் முடிந்திருந்தது. நோன்புப் பெருநாளைக்கு முன் பெயின்ட் அடித்துப் பார்த்துவிட வேண்டுமென்று எனக்கு ஓர் ஆசை. றிஸ்னாவோடு கதைத்து எல்லாம் ஒழுங்கு செய்தேன். நிறத்தையும் நானே தெரிவு செய்தேன்: ரோஸ்.

"உள்சுவரெல்லாம் இவள் வெண்கட்டியால கிறுக்கி வெச்சிரிக்காள்" என்று றிஸ்னா ஒரு சொல் சொன்னாள்.

"சின்னப் புள்ளதானே. பெயின்ட் அடிச்சாப் போயிரும்" என்று நான் சிரித்தேன்.

இரண்டு பேருமே அது என்ன கிறுக்கல் என்று கேட்கவில்லை. அவளுக்குச் சொல்லாமல், பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து வேலையைத் தொடங்க வைத்தோம். வந்து பார்த்ததும் துள்ளிக் குதிப்பாள், அதை வீடியோவில் பார்க்கலாம் என்று நான் லொறி இறக்கும் இடத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். படம் வந்தது. வெள்ளைச் சீருடையோடு ரோஸ் சுவருக்கு முன்னால் நிற்கிறாள்.

"எப்பிடி மகள்? உங்கட வீடு."

"வடிவா இரிக்கு வாப்பா" என்றாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். கையில் ஒட்டிய பெயின்டைப் பார்த்தாள். "நான் உடுப்பு மாத்தப் போறன்" என்று போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு நாலு மணிக்கு நான் எடுத்தால், "சாப்பிட்டீங்களா வாப்பா? அங்க வெக்கையா?" என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவிடம் எப்படிக் கதைப்பார்களோ அப்படி. பேப்பர் செய்தாயா என்றால், ஓம். கஷ்டமா என்றால், இல்லை. மூன்று நிமிடத்தில் கதைக்க ஒன்றுமில்லாமல் போய்விடும். தனிமை தனிமை என்று நம்மவர்கள் எழுதுவதை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். பதினொரு வருடத்தில் எனக்கு அது விளங்கியது அந்த மூன்று நிமிடங்களில்தான். என் பிள்ளை என்னிடம் மரியாதையாகக் கதைக்கத் தொடங்கியிருந்தாள்.

ஒரு கிழமைக்குப் பிறகு றிஸ்னா மட்டும் போன் எடுத்தாள். குரல் இறங்கியிருந்தது.

"இஞ்சேருங்க, நாம பெரிய பிழை செஞ்சிட்டம். அவள் ரெண்டு மாசமா அந்தச் சுவரிலதான் உங்கட கணக்கச் செஞ்சிட்டு இரிந்திரிக்காள். தொண்ணூத்தேழு. இந்த மூலையில துவங்கி ஜன்னல் தாண்டிப் போயிரிக்கு. அறுபத்தொராம் இலக்கம் வரைக்கும் வந்தெண்டு இப்பதான் சொல்றாள்."

"கொப்பியில செய்யலாமே, ஏன் சுவரில?"

"கேட்டன். கொப்பியில வரி மடிஞ்சி மடிஞ்சி போகுதாம், சுவரெண்டா நேராப் போகுமாம். அதோட... வாப்பா வேணாமெண்டு சொன்ன கணக்கெண்டபடியா கொப்பியில எழுத விருப்பமில்லையாம்."

நான் அன்றைக்கு இறக்கிய சாமானை இரண்டு தரம் பிழையாக எண்ணினேன். அவளுக்காகக் கட்டிய வீடு. அவளுக்குப் பிடித்ததை அழிப்பதற்கென்றே இங்கிருந்து ஆள் வைத்து, நிறமும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். வேறு யாராவது செய்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். என்னோடு நானே எப்படிச் சண்டைக்குப் போவது?

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல வாப்பா" என்றாள். அந்தப் பரவாயில்லைக்குப் பதில் கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, ஓட்டுப் பெட்டி மட்டை ஒன்றை விரித்துத் தரையில் போட்டேன். தடித்த பென்சில் ஒன்று எடுத்தேன். ஒன்றைத் தொண்ணூற்றேழால் வகுக்கத் தொடங்கினேன். இடையில் மேற்பார்வையாளர் ஏதோ ஒரு பூட்டின் திறப்புக் கேட்டு அறைக்கு வந்தார். மட்டை முழுக்க இலக்கங்களைக் கண்டு, கணக்குத் தீர்த்து ஊருக்குப் போகப்போகிறேனாக்கும் என்று பயந்து, "ஹிஸாப்?" என்றார். எனக்குத் தெரிந்த அரபில், "பின்தீ" என்றேன், என் மகள். அவருடைய முகம் மலர்ந்தது. மகளுக்குக் கலியாணம், அதற்குத்தான் கணக்குப் பார்க்கிறான் என்று எடுத்துக்கொண்டு, "மப்ரூக், மப்ரூக்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒன்பது வயது என்று சொல்ல எனக்குச் சொல் வரவில்லை. நானும் "ஷுக்ரன்" என்றேன்.

அடுத்த வெள்ளியும் அதேதான். நான் நினைத்ததுபோல அது லேசான வேலையில்லை. இலக்கம் ஒவ்வொன்றுக்கும் பெருக்கிக் கழித்து மீதி எழுத வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை யாருக்கும் சொல்லாமல், யாரும் கேட்காமல், வெறும் சுவரோடு அறுபத்தொரு தரம் இதைச் செய்திருக்கிறாள். நான் இல்லாத இடத்தில் அவளும் என்னைப் போலத்தான் தனியே இருந்திருக்கிறாள். முப்பத்தெட்டாவது இலக்கத்தில் எனக்கு எண்பத்தைந்து மீதி வந்தது. மேலே பார்த்தேன். முப்பதாவதிலும் எண்பத்தைந்து! மட்டையைத் தூக்கிக்கொண்டு போன் எடுத்தேன்.

"மகள், திரும்பிட்டு! முப்பத்தெட்டிலயே திரும்பிட்டு!"

"என்ன வாப்பா திரும்பின?"

"தொண்ணூத்தேழு. எண்பத்தஞ்சு மறுகாவும் வந்திட்டு."

அவள் முகம் திரையில் கிட்ட வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகம்.

"எண்பத்தஞ்சுக்கு வரேலா வாப்பா. திரும்பிறண்டா ஒண்டுக்குத்தானே திரும்பணும்? துவங்கின இடத்துக்கு."

"இஞ்ச வந்திரிக்கே."

"மட்டையக் காட்டுங்க... மெதுவா... முதல் எண்பத்தஞ்சுக்கு முன்னுக்கு என்ன மீதி?"

"அம்பத்தேழு."

"ரெண்டாவதுக்கு?"

"அம்பத்தெட்டு."

"அம்பத்தேழுக்குப் பிறகும் எண்பத்தஞ்சு, அம்பத்தெட்டுக்குப் பிறகும் எண்பத்தஞ்சு. ரெண்டும் சரியா இரிக்கேலாதே! அஞ்ஞூத்தெண்பதில நாநூத்தெண்பத்தஞ்சு போனா எவ்வளவு வாப்பா?"

மனதுக்குள் கழித்தேன். தொண்ணூற்றைந்து. நான் எண்பத்தைந்து என்று எழுதியிருந்தேன். உயர்தரம், கணிதப் பிரிவு.

ஹிபா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள். "வாப்பாக்குக் கழித்தல் பிழைச்சிட்டும்மா!" இங்கே நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்ததைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில் நேபாளி என்ன ஏதென்று எழும்பி வந்துவிட்டான்.

பின்னறையில் ஒரு சுவர் ஈரம் காயவில்லையென்று பெயின்ட் அடித்தவர் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதை அப்படியே விடச் சொன்னேன். மாமிக்கு, றிஸ்னாவின் உம்மாவுக்கு, அது பிடிக்கவில்லை. "பொம்பிளப் புள்ளக்கிக் கட்டுற வீட்டில ஒரு சுவர மொட்டையா வெச்சா பாக்கிற சனம் என்ன சொல்லும் மருமகன்?" என்றார். சனம் சொல்வதைக் கேட்டுத்தான் ஒரு சுவரை அழித்தோம், மாமி, இது இருக்கட்டும் என்றேன். ஹிபா முதலிலிருந்து தொடங்கினாள். பாஸ்ட் பேப்பரும் செய்கிறாள், கொஞ்சமாக. வரும் வருடம் பேனர் தொங்குமோ தெரியாது. நாலு மணிக்கு நாங்கள் இப்போது அவரவர் இடத்தில் செய்ததை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அவள் சுவரில், நான் மட்டையில். அவள் சொல்வதில் பாதி எனக்கு விளங்குவதில்லை. விளங்கவில்லை என்று சொல்லப் பழகிவிட்டேன். "சரி, மறுகா சொல்றன்" என்று அவள் பொறுமையாகத் தொடங்கும்போது ஒரு மணித்தியாலம் போய்விடும்.

போன கிழமை றிஸ்னா ஒரு படம் அனுப்பியிருந்தாள். சுவர் முழுக்க வெண்கட்டி. ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைவரை, தொண்ணூற்றைந்து இலக்கம். இடையில் எங்கும் திரும்பவில்லை. கடைசியில் அறுபத்தெட்டு என்ற மீதிக்குப் பக்கத்தில் பூச்சியத்தை இறக்கி, அறுநூற்றெண்பது என்று எழுதி நிறுத்தியிருக்கிறாள். அதன் கீழே ஒன்றும் இல்லை. அந்த இடம் அவளுக்கு எட்டாத உயரமில்லை.

"ஒண்டுதானே மிச்சம், ஏன் மகள் விட்டீங்க?" என்று கேட்டேன்.

"அது வாப்பாட. வந்து எழுதுங்க."

என் ஒப்பந்தத்தில் இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. வீட்டுக்குத் தரையும் கதவும் போட வேண்டும் என்று நானே கேட்டுக் கையெழுத்து வைத்த ஒப்பந்தம். பிறந்த வீடு தங்கச்சிக்கு, வாழ்ந்த வீடு மனைவிக்கு, கட்டுகிற வீடு மகளுக்கு, இங்கே இந்தக் கட்டில் கொம்பனிக்கு. எனக்கென்று இருப்பது அந்தச் சுவரில் ஒரு சாண் இடம். அறுநூற்றெண்பதுக்குள் தொண்ணூற்றேழு ஏழு தரம் போகும். மொத்தம் அறுநூற்று எழுபத்தொன்பது என்று மட்டையில் பத்துத் தரம் சரிபார்த்துவிட்டேன், இந்த முறை கழித்தலிலும் பிழையில்லை. மீதி ஒன்று. அதை எழுதுவதற்கு ஒரு வெண்கட்டி வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் சுவரிலும் இந்தப் பக்கம் மட்டையிலுமாக, தொடங்கின இடத்துக்கு ஓர் அடி முன்னால், கணக்கு அப்படியே நிற்கிறது.